பன்வில மலையும் ஒரு பந்தாட்டத் திடலும்

இலங்கைத் தமிழ் நாளேடுகளின் பிரதேசச் செய்திப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வருவோருக்கு ஒரு வகைச் செய்தி மனப்பாடமாகியிருக்கும். இன்ன விளையாட்டுக் கழகத்தின் நடப்பாண்டுக்கான நிருவாக சபைத் தெரிவு இன்ன பாடசாலை மண்டபத்தில் நடைபெற்றது என்று அது தொடங்கும். தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று பெயர்கள் வரிசையாக வரும். இறுதியில் போஷகர்கள் வருவர்: ஊரின் கடை முதலாளி, ஓய்வுபெற்ற அதிபர், கோயில் குருக்கள் அல்லது பங்குத்தந்தை, அரசியலில் ஒரு கால் வைத்திருக்கும் பிரமுகர். விளம்பரம் மிகுந்து இடம் சுருங்கும் நாளில் பக்கம் தயாரிப்பவரின் கத்தரிக்கோல் முதலில் தேடுவது இச்செய்தியைத்தான்.

ஆனால் ஓர் ஊரின் விளையாட்டு வரலாற்றை எழுத முற்படுகிறவனுக்கு இந்த ஆறு வரிச் செய்திக்கு நிகரான ஆவணம் எளிதில் கிடைக்காது. கோல் அடித்த சிறுவனின் பெயர் செய்தியில் வந்துவிடும். பயிற்றுவிப்பாளர் குழுப்படத்தில் ஓரமாக நிற்பார். பந்து யார் பணத்தில் வாங்கப்பட்டது, மைதானத்துக்கான அனுமதிக் கடிதத்தில் யார் கையொப்பமிட்டார், வெளியூர்ப் போட்டிக்குப் போன வாகனத்தில் சிறுவர்களுக்குப் பொறுப்பாக அமர்ந்திருந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை, அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. இளையோருக்கான உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடம் ஒன்றை வழிநடத்தும் சபையின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டி மாவட்டத்தின் பன்வில மலைப்பகுதியை முன்வைத்துப் பார்க்கலாம் என எண்ணுகிறேன். சபை கூடுவதற்கே அனுமதி வேண்டியிருந்த மலை அது.

கண்டி நகரிலிருந்து வத்தேகம வழியாக மலையேறினால் பன்வில வரும். அதைச் சுற்றியும் அதற்கு மேலேயும் மடுல்கலை, கலபொக்க, ஹத்தலை என்று தேயிலைத் தோட்டங்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்ட நிலம் இது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. இரண்டுக்கும் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். இந்நிலத்தில் தட்டையான இடம் அரிய பொருள். தொழிற்சாலை முற்றம், துரை பங்களாவின் புல்வெளி, காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களம், கோயில் முன்றில். பந்து தானாக உருண்டு பள்ளத்துக்குப் போகாமல் நிற்கக்கூடிய இடங்கள் ஏறத்தாழ இவ்வளவுதான். இவற்றில் எதற்கும் அங்கு வாழ்ந்த மக்கள் உரிமையாளர்களாக இருந்ததில்லை.

இடம் மட்டுமன்று, கூடுவதும் அப்படித்தான். மடுல்கலையை உலக வரைபடத்தில் ஒருமுறை ஏற்றிவைத்த நிகழ்ச்சியே இதற்குச் சான்று. மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் இலண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து மடுல்கலையின் றெலுகாஸ் தோட்டத்தில் பயிலுநர் துரையாகச் சேர்ந்தார். தோட்ட வழக்கில் இத்தகையோரைக் ‘கிரீப்பர்’ என்பார்கள். துரைமாரின் உலகில் படிப்படியாக ஏறிப் பங்களாவும் குதிரையுமாக வாழ வந்தவர், லயத்தின் நிலையைக் கண்டு தொழிலாளர் பக்கம் சாய்ந்தார். வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறித் தோட்டத்துரைமாரைச் சாடினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1937 மே 18ஆம் திகதி, தலைமை நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான அமர்வு அந்த உத்தரவு செல்லாது என்று தீர்த்தது. சட்டக் கல்லூரி மாணவர் இன்றும் படிக்கும் வழக்கு அது.

உதைபந்தாட்டம் பற்றிய கட்டுரையில் பிரேஸ்கேர்டில் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கே தோட்டத்தில் வாய்திறக்க இவ்வளவு விலை என்றால், லயத்துக் கறுப்பர் நால்வர் கூடித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொள்வது எளிதாகவா இருந்திருக்கும்? வெளியார் தோட்டத்துக்குள் வந்து கூட்டம் போடுவதை அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் தடுத்த காலம் அது. 1939இல் கொழும்பில் அகில இலங்கைக்குமான உதைபந்தாட்டச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், 1940 சனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி ஒன்று, சங்கம் அமைக்கும் உரிமை மற்றொன்று. கொழும்பில் ஒரு சங்கம் அமைப்பதற்குத் தேவைப்பட்டது ஒரு மண்டபமும் தேநீரும். மலையில் அதற்குத் தேவைப்பட்டது ஓர் உயிர்.

தோட்டத்து மக்கள் நிருவாகம் பயின்றது விளையாட்டுக் கழகத்தில் அன்று. முதற் பள்ளி கோயில் கமிட்டி. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி குறித்து, சம்பள நாளில் வசூலித்து, கொடியேற்றம் முதல் மஞ்சள் நீராட்டு வரை செலவு செய்து, முடிவில் முன்றிலில் வைத்துக் கணக்கு வாசிப்பார்கள். அக்கணக்கு வாசிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எந்தக் கணக்காய்வாளர் நாயகமும் அவ்வளவு கடுமையான கேள்விகளைக் கேட்டிருக்க மாட்டார். இரண்டாவது பள்ளி மரணாதார சங்கம். சாவு விழுந்த வீட்டுக்கு உடனே பணம் போய்ச் சேரவேண்டும், ஆகவே பெட்டியில் எப்போதும் பணம் இருக்கவேண்டும். சேமநிதி என்றால் என்ன என்பதை அது கற்பித்தது. மூன்றாவது தொழிற்சங்கக் கிளை. அதன் தோட்டத் தலைவர் துரைக்கு முன் நின்று பேசக் கற்றவர். இந்த மூன்று இடங்களில் பழகியவர்களே பின்னாளில் இளைஞர் கழகங்களையும் விளையாட்டுக் கழகங்களையும் நடத்த வந்தார்கள். ஆகவே மலையகத்தார்க்கு நிருவாகம் தெரியாது என்று கொழும்பிலிருந்து சொல்வோரை நான் பொருட்படுத்துவதில்லை. அவர்களிடம் இல்லாதது நிருவாகத் திறன் அன்று, நிலம்.

இதை யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடுமீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் முதலிய கழகங்களின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அந்தந்த ஊர் நினைவுக்கு வரும். ஊரும் கழகமும் ஒன்று. மைதானம் பங்கினுடையதாக இருக்கலாம், பாடசாலையினுடையதாக இருக்கலாம், ஊராரே சேர்ந்து துப்புரவாக்கிய பொது நிலமாகவும் இருக்கலாம். எதுவாயினும் ஊராரின் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்கிறது. போர் மக்களை ஊரைவிட்டே துரத்தியபோதும், திரும்பி வந்து முதலில் புல் செதுக்கிய இடங்களில் மைதானமும் ஒன்று. கழகத்தின் போஷகர் முரண்டு பிடித்தால் போஷகரை மாற்றலாம். மைதானம் போகாது.

பன்விலயில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போயிற்று. குத்தகைக் காலம் பின்னர் 53 ஆண்டுகள் என்று ஆயிற்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் கணிசமான தோட்டங்கள் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களிடமே தங்கிவிட்டன. தொழிலாளரின் சேமலாப நிதியைக் கட்டாமல் நிலுவை வைத்ததற்காகப் பல காலம் செய்தியில் அடிபட்ட நிறுவனங்கள் இவை. ஆக, நிலத்துக்கு உரிமை அரசுக்கு, கையாளுகை கம்பனிக்கு அல்லது கூட்டுத்தாபனத்துக்கு, அன்றாட அதிகாரம் தோட்ட முகாமையாளருக்கு. பெரட்டுக் களத்தில் மாலையில் பந்து விளையாடலாமா என்பது முகாமையாளரின் மனநிலையைப் பொறுத்தது. நல்லவர் வந்தால் கோல் கம்பம் நட மரமும் கொடுப்பார். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் அதே இடத்தில் கொழுந்து மடுவம் கட்டுவார். இரண்டுக்கும் எழுத்தில் எதுவும் இராது.

பிரதேச சபை உதவலாமே என்றால், அங்கும் ஒரு பூட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். அந்த உறுப்பினர் தம் லயத்துக்கு முன்னால் ஒரு கொங்கிரீட் பாதை போடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. விளையாட்டுத் திடல் எங்கே? 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள். அக்காலத்தில் பத்து வயதாக இருந்த ஒரு தோட்டத்துச் சிறுவனுக்கு, பூட்டுத் திறக்கும்போது வயது நாற்பத்தொன்று.

இனி ஒரு சிறு கணக்கு. வளர்ந்தோருக்கான சர்வதேசத் தரத்துத் திடல் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். 7,140 சதுர மீற்றர். இலங்கை வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 282 பேர்ச்சஸ், அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கர். 2015க்குப் பின் தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. பின்னர் 10 பேர்ச்சஸ் என்றும் பேசப்பட்டது. ஏழால் வகுத்தால் ஒரு திடலின் இடத்தில் நாற்பது குடும்பங்கள் குடியேறலாம். ஒண்டுவதற்கு ஓர் அறையும் அதன் முன்னால் ஒரு திண்ணையுமாக நான்கு தலைமுறை வாழ்ந்துவிட்ட மக்களிடம் போய், நாற்பது வீட்டுக்கான காணியில் பந்து விளையாடுவோம் என்று எந்தச் சபை உறுப்பினர் சொல்வார்? சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் முழுத் திடல் கேட்கத் தேவையில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவருக்கு அதில் பாதியும் மிகை. மலையில் பாதித் திடலை வெட்டித் தட்டையாக்குவதற்கே மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறவேண்டும், தாங்கு சுவர் கட்டவேண்டும், நீர் வடிய வழி செய்யவேண்டும். பயிற்சிக்கூடத்தின் சபையில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் குறைந்தாலும் பாதகமில்லை, நில அளவையும் பொறியியலும் அறிந்த ஒருவர் இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கீழே கண்டியில் போகம்பரை மைதானம் இருக்கிறது. மன்னர் காலத்தில் எஹெலபொலவின் குடும்பம் கொல்லப்பட்ட இடம் என்ற கொடிய நினைவும் பழைய சிறைச்சாலையின் மதிலும் அருகிலேயே உண்டு. மலைப்பிள்ளைகளுக்கு அது தொலைவு. போக ஒரு பஸ், வர ஒரு பஸ், கடைசிப் பஸ் தவறினால் இருட்டில் ஏற்றம். பயிற்சி ஊரில் கிடைக்கவேண்டும். கண்டிப் பக்கத்து மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த முத்தையா முரளிதரன் உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளராக உயர்ந்தமைக்கு அவருடைய மணிக்கட்டை எல்லோரும் காரணம் சொல்வர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும், பதின்மூன்று பதினான்கு வயதில் வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறச் சொன்ன சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுவிப்பாளரும் அங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஊர்ச் சபையின் மேலே மாவட்ட லீக், அதன் மேலே சம்மேளனம். இந்தப் படிக்கட்டின் நிலையையும் பார்த்துவிடுவோம். இலங்கை 1952இல் ஃபிஃபாவில் இணைந்தது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை மேலதிக நேரக் கோல் ஒன்றால் வென்று கிண்ணம் ஏந்தியது. 1998 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 122ஆம் இடம். அதற்கு மேல் ஏறவில்லை. 2023இல் 207ஆம் இடம். இவ்வளவு இறக்கத்துக்குக் கால்கள்தாம் காரணமா?

சம்மேளனத்தின் பொதுச்சபை லீக்குகளின் வாக்குகளால் ஆனது. வாக்குகளைத் திரட்டத் தெரிந்தவர் நீண்டகாலம் இருப்பார். தலைவராக நெடுங்காலம் கோலோச்சிய மணிலால் பெர்னாண்டோ ஆசியச் சங்கத்திலும் ஃபிஃபாவின் நிறைவேற்றுக் குழுவிலும் அமர்ந்தவர். ஒழுக்க விதிகளை மீறினார் என்று ஃபிஃபா 2013 ஏப்ரலில் அவருக்கு எட்டு ஆண்டுத் தடை விதித்தது. அதே ஆண்டில் அது ஆயுள் தடையாயிற்று. மறுபுறம், 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் விளையாட்டு அமைச்சருக்குச் சங்கங்களின் மீது மிகுந்த அதிகாரம் கொடுத்தது. சங்கத்தார் கெட்டால் அமைச்சர் தலையிடுவார், அமைச்சர் தலையிட்டால் ஃபிஃபா தடை விதிக்கும். இந்தச் சுழல் 2023இல் உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டு சனவரித் தேர்தலில் நுவரெலியா மாவட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் தொலைக்காட்சி ஊடகவியலாளருமான ஜே. ஸ்ரீரங்கா தலைவராகத் தெரிவானார். அத்தெரிவை ஃபிஃபா ஏற்கவில்லை. சனவரி 21ஆம் திகதி இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கி, செப்டெம்பரில் ஜஸ்வர் உமர் மீண்டும் தலைவரானார். அதே ஆண்டு நவம்பரில் கிரிக்கெட் சபையையும் சர்வதேசக் கிரிக்கெட் சபை இடைநிறுத்தியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த ஏழு மாதத் தடையில் தேசிய அணி ஆடாதது பெரிய செய்தியாயிற்று. பயிற்சி நெறிகளும் அபிவிருத்தித் திட்டங்களும் நின்றதைப் பற்றி எழுதியோர் குறைவு. ஊர்ப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் அடுத்த தரச் சான்றிதழுக்குப் போகக் காத்திருந்தால் அவர் காத்துக்கொண்டே இருந்தார். பன்விலயில் பந்து உதைக்கும் சிறுவனுக்கும் சூரிச்சில் எழுதப்படும் கடிதத்துக்கும் தொடர்பு இல்லை என்று நினைத்துவிடக்கூடாது.

இன்று இலங்கை அணிக்கு ஆடுவோரில் டிலன் டி சில்வா இலண்டனில் பிறந்தவர், வசீம் ராசிக் பெர்லினில் பிறந்தவர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் வந்து ஆடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அவர்களை ஆளாக்கியவை வேறொரு நாட்டு ஊரின் சபையார் நடத்திய பயிற்சிக்கூடங்கள். அங்கே புல்லுக்கு வரி கட்டியவர்கள் வேறு.

வெளியுலகில் இத்தகைய சபைகள் எப்படி நடந்தன? இரண்டைச் சொல்கிறேன். 1987இல் ஜம்ஷெட்பூரில் டாட்டா உருக்கு நிறுவனத்தின் தலைவராக இருந்த ருஸி மோடியின் முன்முயற்சியில் டாட்டா உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடம் தொடங்கிற்று. நான்கு ஆண்டு விடுதிப் பயிற்சி. கார்ல்டன் சாப்மன், ரெனெடி சிங், சுப்ரதா பால் என்று இந்திய அணிக்குப் பலரை அனுப்பிய இடம். 1993இல் ருஸி மோடி நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது, அதுவும் கசப்போடு. தொடங்கியவர் போன பின்னரும் பயிற்சிக்கூடம் தொடர்ந்தது. அது அவருடைய தனிப்பட்ட தாராளத்தில் நடக்கவில்லை, நிறுவனத்தின் வரவுசெலவுப் புத்தகத்தில் ஏறியிருந்தது.

மற்றது ஐவரிகோஸ்டின் அபிஜான் நகரம். அதுவும் கொக்கோ, கோப்பித் தோட்டங்களால் வளர்ந்த நாடு. அஸெக் மிமோசாஸ் கழகத்தின் தலைவர் ரோஜே உவேஞான், பிரெஞ்சுக்காரரான ஷான் மார்க் கியூவை அழைத்து 1990களின் தொடக்கத்தில் சிறுவர்க்கான பயிற்சிக்கூடத்தை அமைத்தார். 1999ஆம் ஆண்டின் ஆபிரிக்க உயர் கிண்ணப் போட்டிக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளையே பெரும்பாலும் இறக்கினார்கள். தூனிசியாவின் எஸ்பெரான்ஸ் கழகத்தை 3-1 என்று வென்றார்கள். கோலோ தூரே, யாயா தூரே, ஸொகோரா, ஷெர்வினோ எல்லோரும் அங்கிருந்து வந்தவர்களே. வெற்றி வந்தது, கூடவே பிளவும் வந்தது. பயிற்றுவிப்பாளர் தலைவரோடு முரண்பட்டுப் பிரிந்தார். பெல்ஜியத்தின் பெவரென் என்ற சிறு கழகத்தில் கால் ஊன்றினார். அபிஜான் பிள்ளைகள் பலர் அங்கே போனார்கள். 2004ஆம் ஆண்டு பெல்ஜியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெவரென் அணி கிட்டத்தட்ட ஓர் ஐவரிகோஸ்ட் அணியாகவே இறங்கிற்று. பிள்ளைகள் கழகத்துக்கு உரியவர்களா, பயிற்றுவிப்பாளருக்கு உரியவர்களா? இரண்டும் இல்லை என்பதே விடை. ஆனால் சபை அதை முற்கூட்டியே எழுதிவைக்காத இடத்தில் வலியவர் கொண்டுபோவார். எங்கள் ஊர்களில் கழகம் உடைந்து, அதே பெயருக்கு முன்னால் ‘நியூ’ சேர்த்து மற்றொரு கழகம் தோன்றும் விந்தையை அறிந்தோர்க்கு இது புதிதாக இராது.

கேட்க வருத்தமான ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2016 நவம்பரில் இங்கிலாந்தில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர், சிறுவனாகப் பயிற்சி பெற்ற காலத்தில் தமக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையைப் பகிரங்கமாகச் சொன்னார். பிறகு நூற்றுக்கணக்கானோர் வாய்திறந்தார்கள். கிளைவ் ஷெல்டன் என்ற வழக்கறிஞர் 1970 முதல் 2005 வரையான காலத்தை ஆராய்ந்து 2021 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டார். 1995 ஒக்டோபர் முதல் 2000 மே வரை இங்கிலாந்துச் சங்கம் சிறுவர் பாதுகாப்பில் நிறுவன ரீதியாகத் தவறியது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. குற்றவாளிகளுள் பலர் திறமையான பயிற்றுவிப்பாளர் என்று புகழப்பட்டவர்கள். வதந்தி காதில் விழுந்தும் சபையார் கேட்டும் கேளாமல் இருந்தார்கள். புகழ்பெற்ற கழகங்களுக்கே இக்கதி என்றால், ஒரு தோட்டத்துப் பிள்ளையைக் ‘கொழும்புக்கு அழைத்துப்போய் ஆளாக்குகிறேன்’ என்று யாரோ ஒருவர் வந்து கேட்கும்போது தாய் யாரை நம்பி அனுப்புவாள்? இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. அந்த நான்கு எண்களை உடைமாற்றும் அறையில் எழுதி ஒட்டுவதற்குப் பணம் தேவையில்லை. சபையில் தாய்மார் இருவர் இருந்தால் அது தானாகவே ஒட்டப்பட்டுவிடும். பத்திரிகையில் வந்த பட்டியல்களில் அந்தத் தாய்மாரை நான் கண்டது அரிது. பொருளாளர் பதவிக்குக் கூட அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. மாதர் சங்கத்தின் சில்லறைக் கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம்.

செயலாளரின் கொப்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு விலைபேசி மாற்றப்படும்போது, அத்தொகையில் 5 சதவீதம் அவரைப் 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்படவேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றுத்தொகையின் கால் சதவீதம், அதன் பின் அரைச் சதவீதம். ஒரு கோடி ரூபா மாற்றம் என்றால் சிறுவயதுப் பருவம் ஒன்றுக்கு 25,000 ரூபா. பெரிய தொகை அன்று, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பந்து வாங்கலாம். அதைக் கோரக் கழகம் சம்மேளனத்தின் கட்டமைப்புக்குள் பதிவாகியிருக்கவேண்டும், சிறுவன் எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்தின் பதிவில் இருந்தான் என்று காட்டவேண்டும். கழகத்தோடு தொடர்பற்ற தனியார் பயிற்சிக்கூடங்களும் தம்மிடம் பயிலும் சிறாரைப் பற்றி நாட்டுச் சங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் விதி.

மலையில் இந்தப் பதிவில்தான் ஒரு சிக்கல். தோட்டத்துப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சிங்களத்தில் எழுதியவர் காதில் கேட்டபடி எழுதியிருப்பார். பாடசாலை இடாப்பில் தமிழ்ப் பெயர் வேறு விதமாக இருக்கும். தேசிய அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து மூன்றாவது விதம். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். வயதுக் குழுப் போட்டிகளில் மோசடியைத் தடுக்க ஃபிஃபா 2009ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்திலேயே மணிக்கட்டைப் படம்பிடித்துச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. எலும்பு பொய் சொல்லாது, சான்றிதழ் சொல்லும். பெயர் பிழைத்த பிள்ளைக்குத் திருத்தச் சான்றிதழ் எடுக்கக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள், பிரதேச செயலகத்தில் ஒரு நாள், தேவையானால் மீண்டும் ஒரு நாள். கொழுந்தெடுக்கும் தாய்க்கு மூன்று நாள் பெயர் இல்லாமற் போகும். சபையில் அரச உத்தியோகத்தரோ ஆசிரியரோ இருந்தால் அவரே போய் முடித்துக்கொண்டு வரலாம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைவதற்கு முன் முடித்தல் நல்லது. ஃபிஃபாவின் கணக்கு அந்தப் பருவத்திலிருந்து தொடங்குகிறது.